குட்டுசோவுக்குப் பின்னால் கிடந்த காணி

ஜெயபுரத்தில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. போர் முடிந்து, செட்டிகுளம் முகாம்களிலிருந்து மக்கள் திரும்பி, பூநகரிப் பகுதிக் கிராமங்களில் தகரக் கொட்டில்களைப் போட்டுக்கொண்டு மீளவும் வாழத் தொடங்கியிருந்த காலம். செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். என் பெயரைக் கேட்டதும் அவர் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"தம்பி, நீங்கள்தானே அந்த ரஷ்யக் கிழவன்ர கதையை எழுதினது? ஒண்டு கேக்கிறன். அந்தக் கிழவனுக்குப் பின்னால எவ்வளவு காணி கிடந்தது?"

ரஷ்யக் கிழவன் என்று அவர் சொன்னது 1812இல் நெப்போலியனை எதிர்கொண்ட தளபதி மிகைல் குட்டுசோவை. 2008 செப்டெம்பரில், நான் அப்போது பணியாற்றிய பத்திரிகையில், வாராந்த இராணுவப் பத்தியில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன். மன்னாரிலிருந்து புலிகள் பின்வாங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பின்வாங்கல் தோல்வியல்ல, எதிரியை ஆழ இழுத்து அடிப்பதற்கான மூலோபாயம் என்பது என் பத்தியின் சாரம். கொழும்பிலிருந்து வன்னிக்குப் பத்திரிகைகள் ஒழுங்காகப் போகாத காலம். கைமாறிக் கைமாறிப் போன ஒரு பிரதியை அந்தப் பெரியவர் ஜெயபுரத்தில் ஒரு முற்றத்தில் இருந்து, பலர் கேட்க உரக்க வாசித்திருக்கிறார். நாச்சிக்குடாப் பக்கமிருந்து எறிகணைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம். கடல்வழியாகக் குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பிவிட ஓர் உறவினர் ஒழுங்கு செய்திருந்தார். "பொறுப்பம், மாரி வரட்டும்" என்று இவர் மறுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் இருவர் முள்ளிவாய்க்காலில் இருந்து திரும்பவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. காணியின் அளவைத்தான் கேட்டார். அன்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன் நான். குட்டுசோவைப் பற்றி எழுதும் முன் நானே என்னிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

எங்கள் தலைமுறைக்கு ரஷ்யப் போர்கள் எப்படி வந்து சேர்ந்தன என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் அனுப்பிய தமிழ் நூல்களைப் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கால்களை இழந்தும் விமானம் ஓட்டிய வீரனின் கதையான 'உண்மை மனிதனின் கதை' இயக்கப் போராளிகளின் கைகளிலும் இருந்தது. குட்டுசோவ் எங்களுக்கு டோல்ஸ்டோய் மூலம், டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த 'போரும் வாழ்வும்' மூலம் அறிமுகமானவர். ஒற்றைக் கண், பெருத்த உடல், ஆலோசனைக் கூட்டத்தில் தூங்கி விழும் கிழவர். பொறுமையையும் காலத்தையும் தவிர வேறு ஆயுதம் வேண்டாதவர். ஆனால் டோல்ஸ்டோய் பிறந்தது 1828இல், அந்தப் போர் முடிந்து 16 ஆண்டுகளின் பின்னர். அவர் தந்தது இலக்கியப் பாத்திரம். நாங்கள் அதை இராணுவப் பாடநூலாக எடுத்துக்கொண்டோம்.

1812இல் உண்மையில் நடந்தது என்ன? ஜூன் 24ஆம் திகதி நெப்போலியனின் படை நேமன் ஆற்றைக் கடந்தது. பின்வாங்கலைத் தொடங்கியவர் குட்டுசோவ் அல்லர். போர் அமைச்சராகவும் தளபதியாகவும் இருந்த பார்க்ளே டி டொல்லி. சண்டையிடாமல் பின்வாங்குகிறான், அந்நியன் என்று ரஷ்யப் பிரபுக்கள் அவரைத் தூற்றினார்கள். ஸ்மோலென்ஸ்க் வீழ்ந்த ஓகஸ்ட் மாதத்தில் சார் மன்னர் முதலாம் அலெக்சாந்தர் தமக்குப் பிடிக்காத குட்டுசோவைத் தளபதியாக்கினார். குட்டுசோவும் பின்வாங்கலையே தொடர்ந்தார். செப்டெம்பர் 7இல் பொரொடினோவில் ஒரு பெருஞ்சமர். ரஷ்யர் இழந்தோர் தொகை மட்டும் 40,000ஐத் தாண்டியது. ஆறு நாட்களின் பின் ஃபிலி என்ற கிராமத்தில், ஒரு குடியானவரின் குடிசையில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில், மொஸ்கோவைக் கைவிடுவதென அவர் முடிவெடுத்தார். மறுநாள் நெப்போலியன் நகருக்குள் நுழைந்தபோது அதன் மக்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேறியிருந்தனர்.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் நாங்கள் கவனிக்கத் தவறினோம். மொஸ்கோவைக் கைவிட்ட குட்டுசோவ் கண்போன போக்கில் போகவில்லை. தென்கிழக்கே போவதுபோல் காட்டி, மேற்கே திரும்பி, நகருக்குத் தென்மேற்கே தருத்தினோ என்ற இடத்தில் பாசறை அமைத்தார். அந்த இடத்தின் பின்னால் ஆயுதத் தொழிற்சாலைகள் இருந்த தூலாவும், உணவுக் களஞ்சியங்கள் இருந்த கலூகாவும் பாதுகாப்பாக இருந்தன. நெப்போலியன் மொஸ்கோவில் சமாதானத் தூதுக்காக ஐந்து வாரம் காத்திருந்தார். அந்த ஐந்து வாரமும் தருத்தினோவில் புதிய படையாட்களும் குதிரைகளும் சேர்ந்துகொண்டேயிருந்தன. ஒக்டோபர் 19இல் நெப்போலியன் வெளியேறி, வளமான கலூகாப் பாதையால் போக முயன்றபோது மலோயரோஸ்லாவெட்ஸில் மறிக்கப்பட்டார். வந்த வழியே, தாமே சூறையாடி வெறுமையாக்கிய ஸ்மோலென்ஸ்க் பாதையே அவருக்கு எஞ்சியது. பனி பெய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் கொண்ட படையில் மொஸ்கோவை அடைந்தவர்கள் ஓர் இலட்சம் அளவினரே. கோடை வெயிலும் வயிற்றோட்டமும் தைபஸ் காய்ச்சலும் தீவனமின்மையும் தூரமும் அந்தப் படையை முன்னரே அரித்துவிட்டிருந்தன.

நேமன் ஆற்றிலிருந்து மொஸ்கோ வரை ஏறக்குறைய 900 கிலோமீற்றர். மொஸ்கோவுக்கும் பின்னால் யூரல் மலைவரை, அதற்கப்பால் சைபீரியா வரை நிலம் கிடந்தது. நான்கு கோடி அளவிலான மக்கள் அந்தப் பேரரசில் இருந்தார்கள். பெரியவரின் கேள்விக்கு முதற் பதில் இது. நாச்சிக்குடாக் கடற்கரையிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரை நேராக அளந்தால் 70 கிலோமீற்றர் அளவுதான் வரும். அதற்கப்பால் இருந்தது கடல். அந்தக் கடலில் கடற்படை நின்றது.

ஆனால் காணியின் அளவு மட்டுமே பதில் என்றால் இன்னொரு வரலாற்றை விளக்க முடியாது. இதே வன்னியில், இதே பரப்பில், குட்டுசோவின் வழி ஒருமுறை பலித்திருக்கிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் வெளியேறினார்கள். டிசெம்பர் தொடக்கத்தில் யாழ் நகரம் அரச படைகளின் கைக்குப் போனது. மொஸ்கோவைப் போலவே வெறும் நகரமாகவே அது போனது. புலிகள் வன்னிக்குப் பின்வாங்கினார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளத்தை வீழ்த்தி, நெடுந்தூரப் பீரங்கிகளைக் கைப்பற்றி, கிழக்குக் கரையைத் திறந்துகொண்டார்கள். 1997 மே 13இல் 'ஜெயசிக்குறு' தொடங்கியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ-9 வீதியைத் திறப்பது அரச படைகளின் இலக்கு. காட்டின் நடுவே ஒற்றைக் கோடாக ஒரு வீதியைப் பிடித்துக்கொண்டு படை முன்னேறியது. இருபுறமும் நீண்ட பக்கங்கள் திறந்து கிடந்தன. முன்னேற முன்னேறக் காவல் நிற்கவேண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது. பதினெட்டு மாதத்துக்கு மேல் நீண்ட அந்த நடவடிக்கை 1998 டிசெம்பரில் கைவிடப்பட்டது. 1999 நவம்பரில் ஒட்டுசுட்டானில் தொடங்கிய 'ஓயாத அலைகள்-3' அது பிடித்த நிலத்தில் பெரும்பகுதியைச் சில நாட்களில் மீட்டது. 2000 மார்ச்சில் குடாரப்பில் தரையிறங்கி விநியோகப் பாதையை அறுத்தார்கள். இயக்கச்சியின் நன்னீர்க் கிணறுகள் பறிபோயின. ஏப்ரல் 22இல் ஆனையிறவு வீழ்ந்தது.

அன்று புலிகளுக்குப் பின்னாலும் ஒரு தூலாவும் ஒரு கலூகாவும் இருந்தன. கப்பல்கள் ஆயுதம் கொண்டுவந்த கடல் ஒன்று. கிழக்கு மாகாணத்திலிருந்து காடு கடந்து வந்த போராளிகள் என்ற சேமப்படை மற்றொன்று. ஜெயசிக்குறுவை மறித்தவர்களில் பெரும் பகுதியினர் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள்.

2008இல் இவை இரண்டுமே இல்லை. 2004 மார்ச்சில் கருணா பிரிந்ததோடு கிழக்கின் ஆட்பலம் போயிற்று. 2007 ஜூலையில் தொப்பிகலையோடு கிழக்கின் நிலமும் போயிற்று. 2006க்கும் 2007க்கும் இடையில் ஆழ்கடலில் ஆயுதக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடிக்கப்பட்டன. அரச படையும் 1997ஆம் ஆண்டின் படையாக இருக்கவில்லை. ஒரு வீதியைப் பிடித்துக்கொண்டு அது வரவில்லை. எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளைக் காட்டுக்குள் விட்டு, பல முனைகளில் ஒரே நேரத்தில், அவசரப்படாமல் நகர்ந்தது. மேற்குக் கரையை முதலில் வழித்துத் துடைத்து, தமிழகக் கரையோடு இருந்த தொடர்பை அறுத்தது. 2008 மேயில் அடம்பன், ஜூலையில் விடத்தல்தீவு, ஓகஸ்டில் வெள்ளாங்குளம். அடுத்து நாச்சிக்குடாவிலிருந்து அக்கராயன் வரை எழுப்பப்பட்ட மண் அணையில் பல வாரங்கள் கடுஞ்சமர். ஒக்டோபர் இறுதியில் நாச்சிக்குடா வீழ்ந்தது. அதையடுத்து ஜெயபுரமும் போயிற்று. நவம்பர் 15இல் பூநகரி.

இந்தத் தகவல்களில் பெரும்பாலானவை அப்போதே என் மேசையில் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டுதான் நான் குட்டுசோவை எழுதினேன்.

பலமானவன் கற்றுக்கொள்வான் என்பதற்கு ரஷ்யாவே உதாரணம். 1994 டிசெம்பர் இறுதியில் கவச வாகனங்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு செச்சினியத் தலைநகர் குரோஸ்னிக்குள் நுழைந்த ரஷ்யப் படை தெருக்களில் எரிந்தது. 1996 ஓகஸ்டில் செச்சினியர் நகரை மீட்டார்கள். ரஷ்யா உடன்படிக்கை செய்துகொண்டு வெளியேறியது. 1999இல் அது திரும்பி வந்தபோது அவசரப்படவில்லை. தூர நின்று பீரங்கியாலும் விமானத்தாலும் நகரைத் தரைமட்டமாக்கிய பிறகே உள்ளே போனது. 2000 தொடக்கத்தில் குரோஸ்னியை விட்டு வெளியேறிய போராளிகள் கண்ணிவெடி வயலுக்குள் நடந்து அழிந்தார்கள். அவர்களின் தளபதி பசாயேவ் அங்கே ஒரு பாதத்தை இழந்தார். 1999-2000 காலத்தில் ஆனையிறவு வெற்றியின் மகிழ்ச்சியில் இருந்த எங்கள் பத்திரிகைகளில் குரோஸ்னி உலகச் செய்திப் பக்கத்தில் சிறு செய்தியாக வந்து போனது. நாங்கள் பாடம் படித்திருக்கவேண்டிய இடம் அதுவாக இருந்தது.

குட்டுசோவைப் பின்பற்ற முயன்று தோற்ற ரஷ்யத் தளபதி ஒருவரும் உண்டு. 1904இல் ஜப்பானோடு மஞ்சூரியாவில் மோதிய குரோபாட்கின். போர் அமைச்சராக இருந்து களத்துக்குப் போனவர். சைபீரிய ரயில்பாதை ஒற்றைத் தண்டவாளம். போர் தொடங்கியபோது பைக்கால் ஏரியைச் சுற்றிய பகுதி முடிந்திருக்கவில்லை. படையும் தளவாடமும் வந்து சேரும்வரை பின்வாங்கிப் பின்வாங்கிக் காலத்தைச் சம்பாதிப்பது அவருடைய திட்டம். கணக்கின்படி அது தவறான திட்டமுமல்ல. ஆனால் லியாவோயாங்கில் தோற்காமலேயே பின்வாங்கினார். 1905 ஜனவரியில் போர்ட் ஆர்தர் சரணடைந்தது. மார்ச்சில் முக்டெனிலிருந்தும் பின்வாங்கினார். ஒவ்வொரு பின்வாங்கலும் அடுத்த இடத்தில் வெல்வதற்காகவே என்று சொல்லப்பட்டது. அந்த அடுத்த இடம் வரவேயில்லை. அதற்குள் தலைநகரில் புரட்சி வெடித்திருந்தது. 2008இல் எழுதப் பொருத்தமான ரஷ்யப் பெயர் ஒன்று வேண்டுமென்றால் அது குரோபாட்கின்தான். ஆனால் அந்தப் பெயரை எந்த வாசகர் வாசிக்க விரும்பியிருப்பார்? எந்த ஆசிரியர் தலைப்பாக்கியிருப்பார்?

அடுத்தது 1915. முதலாம் உலகப் போரில் ஜேர்மனியப் படைகள் முன்னேறியபோது ரஷ்யத் தளபதிகள் 1812ஐ நினைத்துக்கொண்டு நிலத்தை எரித்தார்கள், மக்களைக் கிளப்பினார்கள். எரிக்க நிலம் ஏராளம் இருந்தது. ஆனால் இலட்சம் இலட்சமாகக் கிழக்கே நடந்த அகதிகளுக்கு உணவும் இருப்பிடமும் கொடுக்க அரசால் முடியவில்லை. அந்த நேரத்தில் இரண்டாம் நிக்கலஸ் மன்னர் பிரதம தளபதிப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு போர்முனைக்குப் போனார். முதலாம் அலெக்சாந்தர் 1812இல் செய்தது இதற்கு நேர்மாறு: தாம் படையோடு இருப்பது இடைஞ்சல் என்று நெருங்கியவர்கள் சொன்னபோது, மனமில்லாமலேனும் கேட்டுக்கொண்டு படையை விட்டு விலகினார். நிக்கலஸின் முடிவால் ஒவ்வொரு தோல்வியும் மன்னரின் தோல்வியாயிற்று. 1917 மார்ச்சில் முடி போயிற்று.

ஸ்டாலினிடமும் இரண்டு முகங்கள் உண்டு. 1941 கோடையில், கியெவ் நகரைக் கைவிட்டுப் படையைக் காப்பாற்றவேண்டும் என்று சொன்ன ஷுக்கோவைப் படைத் தலைமையக அதிபர் பதவியிலிருந்து நீக்கினார். செப்டெம்பரில் கியெவ் முற்றுகைக்குள் போனது. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சிறைப்பிடித்ததாக ஜேர்மனியர் அறிவித்தார்கள். 1942 ஜூலை 28ஆம் திகதிய 227ஆம் இலக்கக் கட்டளை ஓரடியும் பின்வாங்கக் கூடாது என்றது. பின்வாங்குவோரைத் தடுக்கத் தனிப்படைகளை நிறுத்தியது. ஸ்டாலின்கிராட் மக்களை உரிய காலத்தில் வெளியேற்றவில்லை. ஓகஸ்ட் 23ஆம் திகதிய விமானக் குண்டுவீச்சில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். ஆனால் அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவர் தளபதிகள் சொல்வதைக் கேட்கத் தொடங்கியிருந்தார். ஷுக்கோவும் வசிலெவ்ஸ்கியும் வகுத்த திட்டப்படி பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட படையினர் இரகசியமாகத் திரட்டப்பட்டனர். நவம்பர் 19இல் தொடங்கிய எதிர்த்தாக்குதல் 1943 பெப்ரவரி 2இல் முடிந்தபோது 90,000 அளவிலான ஜேர்மனியர் சிறைப்பட்டனர்.

அந்தப் பத்து இலட்சம் பேரையும் அவர்களுக்கான பீரங்கிகளையும் தந்தது காணிதான். 1941 ஜூலைக்கும் நவம்பருக்கும் இடையில் 1,500க்கு மேற்பட்ட பெருந்தொழிற்சாலைகள் கழற்றி ரயிலேற்றப்பட்டுக் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் கிழக்கே அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவின் லொறிகளும் உணவும் வந்துகொண்டிருந்தன. இவ்வளவும் இருந்தும் அந்த வெற்றிக்கு ரஷ்யா கொடுத்த விலை இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள்.

போர் முடிந்த பின் ராசின் என்ற இராணுவ வரலாற்றாசிரியருக்கு ஸ்டாலின் ஒரு கடிதம் எழுதினார். 1947இல் அது அச்சிலும் வந்தது. பின்வாங்கலும் சரியான போர்முறையே என்றும், நன்கு தயாரிக்கப்பட்ட எதிர்த்தாக்குதலால் குட்டுசோவ் நெப்போலியனை அழித்தார் என்றும் அதில் குறிப்பிட்டார். 1941இல் திணறி, சிதறி, இலட்சக்கணக்கில் சிறைப்பட்டு ஓடிய ஓட்டத்துக்குப் பின்னாளில் ஒரு மூலோபாயத்தின் நிறம் இப்படித்தான் பூசப்பட்டது. ஸ்டாலின் வென்றபின் தம் ஓட்டத்துக்குக் குட்டுசோவின் பெயரைச் சூட்டினார். நானோ ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சூட்டினேன். என்னுடையது அதனினும் பெரிய பிழை.

ரஷ்யாவின் பனிக்குப் பதிலாக எங்களிடம் மாரி இருந்தது. மாரி தொடங்கட்டும், வன்னிச் சேற்றில் படை புதையும் என்று எழுதினோம். மாரி வந்தது. 2008 நவம்பர் இறுதியில் 'நிஷா' புயலோடு பெருமழையாக வந்தது. சேறு இருதரப்புக்கும் சேறுதான். அந்த மழையில் பெரிதும் நனைந்தவர்கள் தருமபுரத்திலும் விசுவமடுவிலும் தறப்பாள்களின் கீழ் இருந்த மக்கள். ஐந்து வாரத்தின் பின், 2009 ஜனவரி 2இல், கிளிநொச்சி வீழ்ந்தது.

மொஸ்கோவின் மக்கள் படைக்கும் எதிரிக்கும் இடையிலிருந்து விலகிப் போக வழி இருந்தது. யாழ்ப்பாணத்து மக்களுக்கும் 1995இல் தென்மராட்சியும் வன்னியும் இருந்தன. 2009இல் ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. ஜெயபுரம், அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று அந்தப் பெரியவர் விரல் மடித்து எண்ணிக் காட்டினார். ஒவ்வோர் இடத்திலும் கொட்டில், ஒவ்வோர் இடத்திலும் பதுங்குகுழி. ஐ.நா.வின் பணியாளர்கள் 2008 செப்டெம்பரிலேயே கிளிநொச்சியை விட்டு வெளியேறியிருந்தார்கள். 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, அரச படைகள் பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் எறிகணை வீசியதையும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததையும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகளாகப் பதிவுசெய்தது. கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்றும் கூறியது. எறிகணை வீசியவர்களின் பொறுப்பு எதனாலும் குறையாது. ஆனால் மக்களை உடன் கொண்டுபோன பின்வாங்கலுக்கு மூலோபாயம் என்று பெயர் வைத்தவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரஷ்ய வரலாற்றில் நாங்கள் எழுதாமல் விட்ட இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1709இல் பொல்டாவாவில் சுவீடனின் பன்னிரண்டாம் சார்ல்ஸை முறியடித்த மகா பீட்டர், இரண்டே ஆண்டுகளில், 1711 ஜூலையில், புருத் நதிக்கரையில் துருக்கியரின் முற்றுகைக்குள் அகப்பட்டார். அவர் சாகும்வரை சண்டையிடவில்லை. தாம் அரும்பாடுபட்டு வென்ற அசோவ் கோட்டையைத் திருப்பிக் கொடுத்து, படையை மீட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அதற்குப் பிறகும் பத்தாண்டு போராடி, வடக்குப் போரை 1721இல் வெற்றியோடு முடித்தார்.

லெனின் 1918இல் செய்ததும் அதுவே. ஜேர்மனியின் நிபந்தனைகளை ஏற்றுவிடவேண்டும் என்றார். கட்சிக்குள் பெரும்பான்மை அவரோடு இருக்கவில்லை. போருமில்லை சமாதானமுமில்லை என்ற ட்ரொட்ஸ்கியின் நிலைப்பாடு முதலில் வென்றது. பெப்ரவரி 18இல் ஜேர்மனியப் படைகள் மீண்டும் நகரத் தொடங்கின, மறிக்க ஆளில்லை. அதன்பின் வந்த நிபந்தனைகள் முன்னையவற்றிலும் கொடியவை. மார்ச் 3இல் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்கில் கையெழுத்தாயிற்று. போலந்தும் போல்டிக் நாடுகளும் உக்ரைனும் போயின. ஆனால் ஆட்சி பிழைத்தது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமானபோது புலிகளின் கையில் ஆனையிறவும் கிழக்கின் பெருநிலமும் கடலும் இருந்தன. கொடுத்து வாங்கப் பலம் இருந்த காலம் அது. தலைவரின் முகத்துக்கு நேரே மாற்றுக் கருத்தைச் சொல்லக்கூடியவராகக் கருதப்பட்ட அன்ரன் பாலசிங்கம் 2006 டிசெம்பரில் காலமானார். அவர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சுவார்த்தை முறிந்ததற்குக் கொழும்பின் பங்கு சிறிதல்ல என்பதும் தெரியும். ஆனால் அந்த ஆண்டுகளில் எங்கள் பத்திரிகைகளில் ஒருவராவது புருத் நதியைப் பற்றியோ பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் பற்றியோ எழுதியதாக எனக்கு நினைவில்லை. நானும் எழுதவில்லை. எழுதியிருந்தால் துரோகி என்ற பெயர் வந்திருக்கும். குட்டுசோவை எழுதினால் கைதட்டல் கிடைத்தது.

இப்போது உக்ரைனில் ரஷ்யா படையெடுத்தவரின் பக்கம் நிற்கிறது. 2022 பெப்ரவரி 24இல் கியெவை நோக்கிப் போன வாகன அணி வீதிகளில் நீண்டு, எரிபொருளின்றியும் தாக்குண்டும் நின்றது. நெப்போலியனுக்கும் ஜெயசிக்குறுவுக்கும் நேர்ந்தது அதற்கும் நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் கெர்சோன் நகரைக் கைவிட்டு, தினீப்பர் ஆற்றின் மறுகரைக்குப் படையை எடுத்தார்கள். அந்தப் பின்வாங்கலுக்குப் பின்னால் ஓர் ஆறும், அணிதிரட்டப்பட்ட புதிய ஆட்களும் இருந்தன. அந்தப் போரைப் பற்றி எழுதும் இளைய செய்தியாளர்கள் சிலர் என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. வரைபடத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்ப்பதோடு, அதன் வாலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள் என்று சொல்வேன். சேமப்படை, களஞ்சியம், வழங்கல் பாதை, மக்கள் ஒதுங்க ஓர் இடம். இந்த நான்கும் இருந்தால் பின்வாங்கலை மூலோபாயம் என்று எழுதலாம். இல்லையென்றால் பின்வாங்கல் என்று மட்டும் எழுதுங்கள்.

சென்ற மாரிக்கு முன் மீண்டும் ஜெயபுரம் போயிருந்தேன். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகன் லான்ட்மாஸ்ரரில் வயல் உழுதுகொண்டிருந்தார். வரம்பில் இருந்து தேநீர் குடித்தபோது, அவருடைய தந்தை என்னிடம் கேட்டதைச் சொன்னேன். 900 கிலோமீற்றர் என்றும், அதற்குப் பின்னாலும் நிலம் இருந்தது என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இதை அப்பவே எழுதியிருக்கலாமே அண்ணை" என்றார்.

ஆம். எழுதியிருக்கலாம்.